நஷ்டத்தை எந்தப் பக்கம் எழுதுவது?

தன்னம்பிக்கை வகுப்புக்குப் போயிருக்கிறீர்களா? ஏ.சி. ஹால், கழுத்தில் பெயர் அட்டை, இடைவேளையில் சமோசா, டீ. தொழில் நிமித்தமாக நான் நிறையப் போயிருக்கிறேன். மேடையில் இருப்பவர் எடிசன் பல்பு கதையில் ஆரம்பிப்பார். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர் என்றால் டான் கேபிள் கதைக்கு வருவார். கேபிள் என்றதும் டி.வி. கனெக்‌ஷன் ஞாபகத்துக்கு வர வேண்டாம். இவர் மல்யுத்த வீரர். அமெரிக்காவில் ஐயோவா மாநிலம், வாட்டர்லூ ஊர்க்காரர். 1948-ல் பிறந்தவர்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதன்பிறகு உங்களோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது.

ஐயோவாவில் மல்யுத்தம் என்பது நம் ஊரில் கிரிக்கெட் மாதிரி. பள்ளிக்கூடத்திலேயே அணி, பயிற்சியாளர், மாநிலப் போட்டி எல்லாம் உண்டு. கேபிள் பள்ளியில் மோதியது 64 போட்டிகள். ஜெயித்ததும் 64. அடுத்து ஏம்ஸ் நகரில் உள்ள ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம். அங்கேயும் அதே கதைதான். 1968, 1969 இரண்டு வருடமும் தேசியக் கல்லூரி சாம்பியன். தொடர்ச்சியாக 117 வெற்றி. பள்ளிக் கணக்கையும் சேர்த்தால் 181. தோல்வி, சைபர்.

கடைசி வருடம், கடைசிப் போட்டி. 1970 மார்ச் 28, சிகாகோ பக்கத்தில் எவன்ஸ்டன் என்கிற ஊர். தோல்வியே இல்லாமல் கல்லூரி வாழ்க்கையை முடிக்கப் போகிறேன், பார்க்க வாருங்கள் என்று கேபிளே சொல்வதுபோல போட்டிக்கு முன்பே டி.வி.க்காகப் படம் எடுத்தார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் 'கண்ணு பட்டுடும்ப்பா, வேண்டாம்' என்று தடுத்திருப்பார்கள்.

எதிரே வந்தவர் லேரி ஓவிங்ஸ். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர். இந்த ஆளைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படுவார். 1968-ல் ஒலிம்பிக் தேர்வுக்கான ஒரு சுற்றில் இதே கேபிளிடம் 13-4 என்று உதை வாங்கியவர். அப்போது பள்ளி மாணவர். இரண்டு வருடம் கழித்து, கேபிள் இருக்கிற 142 பவுண்டு பிரிவுக்கு, அதாவது சுமார் 64 கிலோவுக்கு, உடம்பைக் குறைத்துக்கொண்டு இறங்கி வந்தார். எதற்கு? சாம்பியன் ஆக இல்லை, கேபிளைத் தோற்கடிக்க. அதை ஒளிக்காமல் வெளியேயும் சொன்னார்.

எட்டு நிமிடப் போட்டி. கடைசி அரை நிமிடம் வரை யார் கை ஓங்கும் என்று சொல்ல முடியவில்லை. அப்போது ஓவிங்ஸ் ஒரே பிடியில் கேபிளைக் கீழே சாய்த்து முதுகைத் தரைப்பக்கம் திருப்பிவிட்டார். சாய்த்ததற்கு இரண்டு புள்ளி, முதுகைக் காட்ட வைத்ததற்கு இரண்டு. 13-11. முடிந்தது கதை. பரிசு மேடையில் இரண்டாம் இடத்தில் கேபிள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

மேடைப் பேச்சாளர் இங்கே ஒரு நிமிடம் நிறுத்துவார். தண்ணீர் குடிப்பார். பிறகு குரலை உயர்த்துவார்.

குரலை உயர்த்துவதிலும் நியாயம் இருக்கிறது. 1971-ல் பல்கேரியாவின் சோஃபியா நகரில் கேபிள் உலக சாம்பியன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 68 கிலோ ஃப்ரீஸ்டைல் பிரிவில் தங்கம். அந்தத் தங்கத்தை எப்படி வாங்கினார் என்பதுதான் விசேஷம். ஆறு போட்டிகள். ஆறிலும் எதிராளிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. குஸ்தி தெரியாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் எதிராளியைத் தரையில் அமுக்கி எத்தனை நேரம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தீர்கள் என்பதற்குக்கூட மதிப்பு உண்டு. பொறுமை உள்ளவன் ஜெயிக்கலாம். ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைல் அப்படி இல்லை. ஒரு நொடி உங்கள் முதுகு தரைப்பக்கம் திரும்பினாலே எதிராளிக்குப் புள்ளி. இந்த விளையாட்டில் ஆறு பேர் முட்டிமோதியும் ஒரு புள்ளி எடுக்க முடியவில்லை. கடைசியாக வந்த சோவியத் வீரரும் 3-0 என்று தோற்றார்.

பிறகு பயிற்சியாளர் ஆனார். ஐயோவா பல்கலைக்கழகம், 1976 முதல் 1997 வரை. 21 சீசன்கள், 15 தேசியப் பட்டங்கள்.

"பார்த்தீர்களா! அந்த ஒரு தோல்வி மட்டும் இல்லாவிட்டால் இந்தத் தங்கம் இல்லை. தோல்வி என்பது நஷ்டம் இல்லை நண்பர்களே, முதலீடு!" கைத்தட்டல். சமோசா.

கேபிளே இதைத்தான் சொல்கிறார். அந்தத் தோல்விதான் தன்னைத் திருத்தியது, கூர்மையாக்கியது என்று பலமுறை சொல்லியிருக்கிறார். தோற்றவரே சொல்லிவிட்டபோது நடுவில் நான் யார்? நானும் கைதட்டியவன்தான். ஒரு நாள் ராத்திரி அவருடைய வாழ்க்கையை முழுசாகப் படித்துத் தொலைத்துவிட்டேன். அன்றிலிருந்து கைதட்ட முடியவில்லை.

1964 மே மாதக் கடைசி. எவன்ஸ்டனுக்கு ஆறு வருடம் முன்பு. கேபிளுக்குப் பதினைந்து வயது. அப்பா, அம்மாவோடு மீன்பிடிக்க வெளியூர் போயிருந்தார். பத்தொன்பது வயது அக்கா டயான் மட்டும் வீட்டில் இருந்தார். மறுநாள் கிளம்பி வந்து இவர்களோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. வரவில்லை. வீட்டுக்குள்ளேயே கொலை செய்யப்பட்டிருந்தார்.

செய்தி கேட்டுத் திரும்பி வருகிற காரில் பையன் அப்பாவிடம் ஒரு விஷயம் சொன்னான். சில வாரங்களுக்கு முன்னால் அக்கம்பக்கத்துப் பையன் ஒருவன் அக்காவைப் பற்றித் தப்பாகப் பேசியதைத் தான் கேட்டதாக. பதினாறு வயதுப் பையன். கொலை செய்தது அவன்தான்.

அந்தப் பேச்சை அன்றைக்கே வீட்டில் சொல்லியிருந்தால்? அந்தக் கேள்வி ஒரு மனிதனை எத்தனை வருடம் துரத்தும் என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் இல்லை.

அப்பா, அம்மாவுக்கு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை, விற்றுவிட்டுப் போய்விடலாம் என்றார்கள். வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தது பையன்தான். அக்காவின் அறைக்குத் தன் படுக்கையை மாற்றிக்கொண்டான். குடியும் சண்டையுமாகச் சிதறிக்கொண்டிருந்த இரண்டு பேரை ஒன்றாக உட்கார வைக்க அவனிடம் இருந்தது ஒரே ஒரு வித்தை. குஸ்தி. அவன் மோதினால் இருவரும் பார்க்க வருவார்கள். அவன் ஜெயித்தால் அன்றைக்கு வீட்டில் பேச ஒரு நல்ல விஷயம் இருக்கும். இனி அந்த 181-ஐ மறுபடி படித்துப் பாருங்கள். எனக்கு அது சாதனைப் பட்டியலாகத் தெரியவில்லை. ஒரு பிள்ளை வீடு இடிந்துவிடாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்த மாதிரி தெரிகிறது.

இப்போது வாதத்துக்கு வருகிறேன்.

எவன்ஸ்டன் தோல்வி மியூனிக் தங்கத்துக்கு முதலீடு என்றால், அதே கணக்குப்படி டயானின் சாவும் முதலீடுதானே? அந்தச் சாவு இல்லாவிட்டால் அந்த வெறி இல்லை, வெறி இல்லாவிட்டால் 181 இல்லை. தர்க்கம் அச்சு அசல் ஒன்றுதான். முதலாவதை வாய் நிறையச் சொல்கிறோம். இரண்டாவதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. கூசுகிறதுதானே? சில பேருக்கு அதுவும் கூசுவதில்லை, "அந்தச் சோகம்தான் அவரைச் செதுக்கியது" என்று அழகாக எழுதிவிடுகிறார்கள்.

நான் பி.காம். படித்தவன். எந்த விஷயமும் என் தலைக்குள் போக வேண்டுமென்றால் இரண்டு பத்தியாகப் பிரித்துத்தான் போகும். கல்லூரியில் எங்களுக்கு கம்பெனி கணக்கு எடுத்த பேராசிரியர் ஒரு நாள் போர்டில் பேலன்ஸ் ஷீட் போட்டார். இடது பக்கம் கடன்கள், வலது பக்கம் சொத்துகள். நிலம், கட்டடம், இயந்திரம், சரக்கு, ரொக்கம் என்று இறங்கிக்கொண்டே வந்து, கடைசி வரியில் சேர்ந்துபோன நஷ்டத்தை எழுதினார். சொத்துப் பக்கத்தில்! அந்தக் காலத்துப் படிவம் அப்படித்தான் இருந்தது. பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், நஷ்டம் எப்படி சார் சொத்தாகும்?" என்றான்.

"சொத்து இல்லடா. ரெண்டு பக்கமும் டேலி ஆகணும்ல, அதுக்காக அங்க உக்கார வச்சிருக்கு. வித்துப் பாரு, பத்து பைசா தேறாது" என்றார் அவர். அதற்குக் கற்பனைச் சொத்து என்று பெயர். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி.

எனக்கு அது இரண்டு மார்க்கோடு முடியவில்லை. பல வருடம் கழித்து, வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு நண்பர் இருந்தார். ப்ரூஃப் திருத்துகிற வேலை. தங்கையை ஒரு சாலை விபத்தில் பறிகொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவதற்குள் நேரமாகிவிட்டது. அதன்பிறகு அவர் முதலுதவி கற்றுக்கொண்டார். ஆட்டோ ஓட்டுகிறவர்களைச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த மனிதர் ஆனார். அவருக்கு நடந்த ஒரு சின்னப் பாராட்டு விழாவில் மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "தங்கையின் மரணம்தான் நம் நண்பரை உருவாக்கியது. எல்லாம் நன்மைக்கே" என்று பேசினேன். கைத்தட்டல் வந்தது.

விழா முடிந்து பைக் எடுக்கும்போது பக்கத்தில் வந்தார். "சார், நல்லாப் பேசுனீங்க. ஆனா அவ இருந்திருந்தா நான் இன்னிக்கும் ப்ரூஃப்தான் பார்த்துக்கிட்டு இருந்திருப்பேன். அதுவே எனக்குப் போதும் சார்" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்கே புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. நஷ்டத்தைச் சொத்துப் பக்கம் எழுதியது ஒரு தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, அது யாருடைய கணக்குப் புத்தகம் என்று பார்க்காமல் பேனாவை எடுத்தது. செத்தது அந்தப் பெண். முதல் நஷ்டம் அவளுடையது. கல்யாணம், வேலை, அண்ணனோடு சண்டை என்று அவள் வாழ வேண்டிய ஐம்பது வருடத்தை அண்ணனின் கணக்கில் 'பயிற்சிச் செலவு' என்று எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். டயானுக்கும் அதையேதான் செய்கிறோம். பத்தொன்பது வயதுப் பெண்ணைத் தம்பியின் மெடலுக்கு மூலப்பொருள் ஆக்கிவிடுகிறோம்.

எவன்ஸ்டன் வேறு. மேட்டுக்குள் கால் வைக்கிற ஒவ்வொருவனும் தோற்கவும் சம்மதித்துத்தான் உள்ளே வருகிறான். அது அந்தத் தொழிலில் உள்ள சரக்கு. அந்தத் தோல்வி முழுக்க கேபிளுடையது. அதை அவர் முதலீடு என்று எழுதிக்கொள்ளலாம், வாராக்கடன் என்று தள்ளுபடி செய்யலாம், ஐம்பது வருடம் கழித்தும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியலாம். அவர் இஷ்டம். அக்காவின் சாவை அவர் என்னவென்று எழுதினாலும் எனக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லை. அந்த அறையில் படுத்துத் தூங்கியவர் அவர். மைக் பிடித்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

சரி, அந்தத் தோல்வியையாவது முதலீடு என்று ஒத்துக்கொள்ளலாம் இல்லையா என்றால், அதிலும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. லேரி ஓவிங்ஸ் எங்கே போனார்?

கேபிளைத் தோற்கடித்த அன்று அந்தப் போட்டித் தொடரின் மிகச் சிறந்த வீரர் விருதும் ஓவிங்ஸுக்குத்தான். அடுத்த வருடம் 1971-ல் மறுபடி இறுதிப் போட்டிக்கு வந்தார், தோற்றார். 1972-ல் மறுபடி வந்தார், மறுபடி தோற்றார். அதே வருடம் ஒலிம்பிக் தேர்வில் கேபிளோடு இன்னொரு தடவை மோதினார். 7-1. கேபிள் போய் மியூனிக்கில் தங்கம் வாங்கினார். ஓவிங்ஸ் ஆசிரியராக, பயிற்சியாளராக வேலைக்குப் போனார்.

தோல்வி ஆளை உருவாக்கும் என்றால் ஓவிங்ஸை ஏன் உருவாக்கவில்லை? அவரிடம் மூன்று இருந்ததே! 1968-ல் வாங்கியதைச் சேர்த்தால் நான்கு. உழைக்காதவரும் இல்லை. முதல் தோல்வி அவருக்கு எவன்ஸ்டனைக் கொடுத்தது, அடுத்தது எதுவும் கொடுக்கவில்லை. நாம் என்ன செய்கிறோம் தெரியுமா? தோற்று, பிறகு ஜெயித்தவனை மட்டும் மேடைக்குக் கூப்பிட்டு, 'தோல்விதான் காரணம்' என்று சான்றிதழ் கொடுக்கிறோம். தோற்று, பிறகும் தோற்றவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. லாபம் வந்த கம்பெனியை மட்டும் ஆடிட் செய்துவிட்டு, கடன் வாங்கினால் லாபம் வரும் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஓவிங்ஸ் இன்னொரு விதத்திலும் என்னை உறுத்துகிறார். பட்டத்தைக் குறிவைக்காமல் ஒரு மனிதரைக் குறிவைத்தார். குறி தப்பவில்லை. அப்புறம்? அவரைப் பற்றி இன்றைக்கு எதைத் தேடிப் படித்தாலும் அந்த எட்டு நிமிடத்தில்தான் போய் நிற்கிறது. தோற்றவருக்கு அது வாழ்க்கையில் ஒரு அத்தியாயம். ஜெயித்தவருக்கு முழுப் புத்தகமே அதுதான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. இரண்டு பேரில் அன்றைக்கு நஷ்டப்பட்டது யார் என்று கேட்டால் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நமக்குப் பக்கத்தில் ஒன்று சொல்கிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக். ஜப்பானின் யூய் சுசாகி சர்வதேசப் போட்டிகளில் 82 முறை மோதி ஒரு முறைகூடத் தோற்காதவர். முதல் சுற்றில் அவரை 3-2 என்று தோற்கடித்தவர் நம் வினேஷ் போகாட். வினேஷும் ஓவிங்ஸ் போல எடையைக் குறைத்துக்கொண்டு இறங்கி வந்தவர்தான், 53 கிலோவிலிருந்து 50-க்கு. காரணம்தான் வேறு. 53-ல் நாட்டுக்காக வேறொருவர் தேர்வாகிவிட்டார். மறுநாள் காலை என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி முழுக்கத் தூங்காமல், சாப்பிடாமல், முடியைக்கூட வெட்டிப் பார்த்தும் நூறு கிராம் அதிகம். இறுதிப் போட்டிக்கு முன்பே தகுதி நீக்கம்.

அந்த நூறு கிராமைப் பற்றி நாடே அழுதது. எனக்கு 1997 ஞாபகம் வந்தது. அந்த வருடக் கடைசியில், நவம்பர், டிசம்பரில், அமெரிக்காவில் மூன்று வெவ்வேறு கல்லூரிகளைச் சேர்ந்த மூன்று மல்யுத்த மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள். யாரும் கேபிளின் மாணவர்கள் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். மூவரும் எடையைக் குறைக்கப் போராடியவர்கள். ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல், வியர்த்து வியர்த்து உடம்பு வற்றிப்போய்ச் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ரப்பர் உடைக்கும் நீராவி அறைக்கும் தடை வந்தது.

வலி எல்லாம் முதலீடு என்று நம்புகிற கூடாரத்தில், 'இது முதலீடு இல்லை, செலவு, இதோடு நிறுத்து' என்று யார் சொல்வது? சொல்கிறவன் கோழை ஆகிவிடுவான். அந்த மூன்று பையன்களும் கடைசி நிமிடம் வரை சொத்துப் பக்கத்தில்தான் எழுதிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

உங்களுக்குக் கோபம் வரலாம். "அப்போ கஷ்டப்பட்டவனுக்கு என்னதான் சார் சொல்றது? 'உன் நஷ்டம் நஷ்டம்தான்'னா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். போன மாதம் நெருங்கிய உறவில் ஒரு சாவு. போய் உட்கார்ந்தேன். வழக்கமான வசனம் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, இறந்தவர் ரசத்துக்கு எவ்வளவு மிளகு போடச் சொல்வார் என்று கேட்டேன். அரை மணி நேரம் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அது சரியா தப்பா தெரியாது. யாருடைய கணக்கிலும் நான் எதுவும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

ப்ரூஃப் நண்பர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இன்னமும் நடக்கிறதாம். இந்தப் பக்கத்தை அவருக்கு அனுப்ப வேண்டும். எப்படியும் நாலு எழுத்துப் பிழையாவது கண்டுபிடித்துச் சொல்வார். அதைச் சொல்லத்தான் கூப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டு ஃபோனை எடுக்கலாம்.